மூட்டைமேல் ஒரு வகுப்பு

வள்ளியூரில் வண்டியை விட்டு இறங்கி நேரே பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பேதி மருந்துக்கு ஏற்றுமதியாகும் நிலாவாரை இலையின் வியாபாரி அறை கட்டித் தருவார், தாலுகா போர்டு வாத்தியாரை அனுப்பும், பையன்கள் வியாபாரக் கணக்குப் படித்து அவர் கடைக்கே வேலைக்குப் போவார்கள் என்று ஏற்பாடு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த நான்தான் அந்த வாத்தியார். வந்து பார்த்தால், அறை முழுக்க இடுப்பு உயரத்துக்கு இலை மூட்டைகள்! பையன்கள் வெளியே மரத்தடியில் நிற்கிறார்கள். மழை கறுத்து வருகிறது. வியாபாரி வாசலில் நிற்கிறார்.

“அண்ணாச்சி, இது பள்ளிக்கூடமா, உங்க சரக்குக் கிட்டங்கியா?”

“கொஞ்சம் பொறும்வே. இலை நனஞ்சா போச்சு. பயலுவ நனஞ்சா காஞ்சிருவானுவ.”

“ஏறுங்கலே!” என்று பையன்களை மூட்டைகளின் மேல் ஏற்றி உட்காரவைக்கிறேன்.

“ஐயையோ, இலை நொறுங்கிரும்லா! இறக்கும்வே!” என்று பதறுகிறார் வியாபாரி.

நான் முதல் கணக்கைச் சொல்லத் தொடங்குகிறேன்.