ஞானபாக்கியம் டீச்சரின் முதல் வரி

ஞானபாக்கியத்தை அடிக்க ஊரே திரண்டு வந்த நாளில் நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் செய்த குற்றம் பாடம் நடத்தியது. அதிலும், எதற்காக நடத்துகிறேன் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டு நடத்தியது. இதற்குப் போய் ஒரு பொம்பளையை அடிக்க வருவார்களா என்று கேட்பீர்கள். வந்தார்களே.

நான் சொர்ணலதா. சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டைக்குப் போகிற பாதையில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். ஞானபாக்கியத்திடம் இந்தக் கதையைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஆகவே நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் தேனிக்காரி. அப்பா ஏசுதாசன் பஜாரில் ஆணி, கம்பி, வாளி, கயிறு விற்கிற கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் சிறுமி ஞானபாக்கியம் கடையில் நின்று, படியேறுகிறவர்களிடம் "என்ன வேணும் அண்ணாச்சி" என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு அதுவே அவளுடைய குணமாகிவிட்டது. ட்ரெயினிங் முடித்து எழுபத்திரண்டில் எங்கள் பள்ளிக்கு வந்தபோது அந்தக் குணத்தையும் கூடவே கொண்டுவந்தாள்.

புத்தகத்தைத் திறக்கும் முன் கரும்பலகையின் மேல்மூலையில் ஒரு வரி எழுதுவாள். 'மணியடிக்கும்போது உங்களுக்குக் கால், அரைக்கால் இரண்டில் எது பெரியது என்று சொல்லத் தெரியும்.' இப்படி ஏதாவது. அதைப் பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லுவாள். மணியடிக்கச் சற்று முன்னால், "யாருக்கு வரலை, கையைத் தூக்குங்க" என்பாள். தூக்கியவர்களை ஒரு சொல் திட்ட மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடியும் சொல்லிக்கொடுப்பாள்.

எங்கள் தலைமை ஆசிரியர் சங்கரலிங்கம் சாருக்கு இது பிடிக்கவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் கையிலிருந்து சிலேட்டு வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அவர் நடத்துகிற ஐந்தாம் வகுப்பில் அவர் ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாடம். அந்தச் சத்தத்தில் என் தையல் மெஷின் சத்தம் எனக்கே கேட்காது. இன்ஸ்பெக்டர்கள் வந்து கேட்டுவிட்டுத் தலையாட்டிப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

"பாடக்குறிப்புல நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு. அது இன்ஸ்பெக்டர் பார்க்கிறதுக்கு. அதைப் போய்ப் பிள்ளைககிட்டச் சொல்லிக்கிட்டு எதுக்கு நேரத்தை வீணாக்குறீங்க டீச்சர்?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"கடைக்கு வர்றவுகளுக்கு என்ன வாங்க வந்தோம்னு தெரியும் சார். கிளாசுல வந்து உக்கார்ற பிள்ளைக்கு மட்டும் தெரிய வேணாமா?" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் என்னை முறைத்தார்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. எழுபத்தாறில் ஒரு வியாழக்கிழமை ஏழாம் வகுப்புக்கு அவள் எழுதிய வரி இது: 'மணியடிக்கும்போது உங்களுக்கு யாரையும் கேட்காமல் பஸ் போர்டைப் பார்த்து வெளியூர் போகவும் திரும்பி வரவும் தெரியும்.' அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் கம்பம், போடி, குமுளி, வத்தலக்குண்டு என்று எழுதி வைத்திருந்தாள். பெஞ்சுகளெல்லாம் பஸ்ஸாகிவிட்டன. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டிக்கெட் எவ்வளவுத்தா?" என்று கேலி பண்ணினேன்.

அப்போது ராக்கம்மாள் எழுந்தாள். கோட்டைச்சாமியின் இளைய மகள், வாய் திறந்தே பேசாத பிள்ளை. "தேவதானப்பட்டின்னு போர்டே காணமே டீச்சர்" என்றாள்.

"அந்தப் பேரு போட்டு பஸ்ஸு வராது. தேனியில எறங்கி வத்தலக்குண்டு போர்டு போட்டதுல ஏறணும். பெரியகுளம் தாண்டி தேவதானப்பட்டி வரும். திரும்பி வரையில தேனி, கம்பம், குமுளி எது போட்டிருந்தாலும் ஏறிக்கிறலாம்."

அந்தப் பிள்ளை அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். முன்னால் வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி வாசித்தாள். ஊமைப் பிள்ளை பேசிவிட்டது என்று ஞானபாக்கியத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள்.

மறுநாள் காலையில் ராக்கம்மாளைக் காணவில்லை.

பிரேயர் முடியவில்லை, கூட்டம் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. முன்னால் கோட்டைச்சாமி, கையில் மாட்டுக்கம்பு. "எம் பிள்ளைய எங்கிட்டு அனுப்பிச்ச, சொல்லு" என்று நேராக ஞானபாக்கியத்திடம் போனார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராக்கம்மாள் பஸ் ஏறினதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பஸ் ஏற அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஊர் முழுக்க விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

சங்கரலிங்கம் சார் ஏழாம் வகுப்பைப் பார்த்து, "நேத்து டீச்சர் உங்களுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் அந்த வரியைச் சொன்னார்கள். யாரையும் கேட்காமல் வெளியூர் போகவும் திரும்பி வரவும் தெரியும் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததுதான் அவளுக்கே வினையாக வந்து நின்றது. கூட்டத்தில், "கேட்டீகளா, வாயாலேயே சொல்லுதுக" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சார். "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம் டீச்சர். தாளாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் தெருவில் நாலைந்து பேர் பாதாளக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணறுகளைப் பார்த்து ஓடினார்கள். பஸ்ஸில் பார்த்ததாகச் சொன்னது வேறு பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பெரிய மனுஷன் யோசனை சொல்லியிருக்கிறான். வாளியெடுக்கிற கொக்கியைத் தன் மகளைத் தேடக் கொண்டுபோவதைக் கண்டதும் தாய்க்காரி அன்னத்தாய் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஞானபாக்கியம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "தேவதானப்பட்டியில உங்களுக்கு யாரு இருக்கா?"

கோட்டைச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்னத்தாய்தான் சொன்னாள். "எம் மூத்தவ மொக்கம்மா அங்கனதான் வாக்கப்பட்டிருக்கா."

பேரனுக்குக் காதுகுத்து வைத்தபோது சீர் குறைந்தது என்று மருமகன் வீட்டார் பந்தியில் வைத்தே பேசிவிட்டார்களாம். இவர் இலையிலிருந்து எழுந்து வந்தவர்தான், அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டார். இரண்டு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப அங்கதான் போயிருக்கா. நான் போயிக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஞானபாக்கியம் எழுந்தாள். விட்டால்தானே. தப்பித்து ஓடப் பார்க்கிறாள் என்று வழியை மறித்துவிட்டார்கள். தகப்பனும் போக மாட்டேன் என்கிறார். மகளைவிடச் சத்தியம் பெரிதாகப் போன மனுஷனை என்னவென்று சொல்வது. கடைசியில் எல்லோரும் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து காத்துக்கிடந்தோம்.

"உனக்கு இது தேவையாடி?" என்று அவளைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது.

"அவ பஸ் மாறி ஏறியிருந்தா என்னக்கா பண்றது?" என்றாள். "நேத்து கை தூக்கலையே அக்கா. தூக்கலைன்னா தெரிஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்?" வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே தெரிந்ததா இல்லையா என்பது ஒன்றுதான் அவளுக்கு அன்றைக்கு உயிராக இருந்தது.

ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. வெயில் சாய்ந்த பிறகு வந்த பஸ்ஸிலிருந்து ராக்கம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு பொம்பளை, இடுப்பில் பிள்ளையோடு, ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினாள். அன்னத்தாய் ஓடிப்போய் ராக்கம்மாளைக் கட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து அந்தப் பொம்பளையைப் பார்த்து, "யாருத்தா நீயி?" என்று கேட்டாள்.

"ஆத்தா" என்றாள் அவள்.

பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் தையல் சொல்லிக்கொடுத்த பிள்ளைதான் மொக்கம்மாள், நல்ல வாளிப்பான பெண். இது எலும்பும் தோலுமாக நிற்கிறது. நெற்றியில் ஒரு தழும்பு. அன்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கா, நல்லாத்தான் இருக்கா" என்று புருஷன் சொன்னதையே அவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கோட்டைச்சாமி கையிலிருந்த கம்பு எப்போது விழுந்ததோ தெரியாது. "ஏத்தா, இம்புட்டுப் பாட்டுக்கு ஒரு எட்டு கிளம்பி வரக்கூடாதா?" என்று கேட்டார்.

"வந்தேன்யா" என்றாள் மொக்கம்மாள். "யாரையும் கேட்டா மாமியா வீட்டுல சொல்லிப்புடுவாகன்னு கேக்காம ஏறிட்டேன். அது அங்கிட்டு வத்தலக்குண்டுக்குப் போயிருச்சு. போயித் தேடிப்பிடிச்சு இழுத்துட்டு வந்தாக. அன்னைக்கு அடிச்ச அடியிலதான் காலு போச்சு. பெறகு பஸ்ஸக் கண்டாலே பயம்." அன்றைக்குக் குழாயடியில் தண்ணீருக்கு நின்றவளை ராக்கம்மாள் போய்க் கையைப் பிடித்திருக்கிறாள். தான் மிளகாய் பறித்த கூலியில் சேர்த்த சில்லறையை ராக்கம்மாள் கொண்டுபோயிருந்தாள். குடத்தை அப்படியே வைக்கச் சொல்லிவிட்டு, போர்டைப் பார்த்து அக்காவை ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள்.

சங்கரலிங்கம் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, நீ எங்கிட்ட அஞ்சாவது வரைக்கும் படிச்சவதானே? பாஸ் போட்டேனே. போர்டு வாசிக்கத் தெரியாமயா போச்சு?"

மொக்கம்மாள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவரைக் கும்பிட்டாள். "படிச்சேன் சார். நீங்க சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம்ல. பாட்டெல்லாம் இப்பவும் வரும், இவனுக்குப் பாடுவேன். எழுத்தத் தனியாப் பாத்தா ஒண்ணும் தெரியலை. இதுக்குத்தான் படிக்கிறோம்னு அப்பத் தெரியாதுல சார்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சார் மெதுவாகக் கூட்டத்தை விட்டுத் திரும்பி நடந்தார். அவருடைய பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் என்றிருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை ஞானபாக்கியம் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்தாள். வர வேண்டாம் என்று சொன்னவர் வா என்று சொல்லவில்லையே. ஐந்தாம் வகுப்பைத் தாண்டும்போது நாங்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். வகுப்பில் சத்தமே இல்லை. பிள்ளைகள் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேல்மூலையில், 'மணியடிக்கும்போது உங்களுக்கு' என்று எழுதிவிட்டுச் சார் சாக்பீஸோடு நின்றிருந்தார்.

எங்களைக் கண்டதும் வராந்தாவுக்கு வந்தார். "முப்பது வருஷமா நடத்துற பாடம் டீச்சர்" என்றார். கண் கலங்கியிருந்தது. "இதுக்கு மேல என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியலை."

ஞானபாக்கியம் பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.