மருதமுத்துவின் மொட்டைத் தோட்டம்

மருதமுத்துவுக்கும் புல்லுக்கும் ஜென்மப் பகை. ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் புல்வெட்டுக்கு மேற்பார்வை மண்டோராக இருந்தவர். பதினைந்து பெண்களைக் கத்தியே வேலை வாங்கினார். அவர்களில் ஒருத்தியான பூங்காவனத்தையே கட்டிக்கொண்டார். டவுனையொட்டிய காஜா பெராங்கில் வந்து குடியேறிய பிறகும் அந்த வெறி தணியவில்லை.

ஐம்பத்தேழில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறதென்று தெருவே துள்ளியது. அன்றைய அன்னதானத்துக்கு, “சாம்பாருக்குக் கத்தரிக்கா பூரா என் பொறுப்பு” என்று கூட்டத்தில் வாயை விட்டுவிட்டார். மே மாதமே வீட்டுக்குப் பின்னால் நாற்பது நாற்று நட்டு, தினமும் சங்குல் மண்வெட்டியால் மண்ணைச் சுரண்டினார். இடம் கல்யாணக் கூடம் மாதிரி சுத்தமாக இருந்தது. ஆனால் வெயிலில் தரை ஓடாக இறுகியது. மழையில் மேல்மண் சாக்கடைக்குப் போனது. லாலான் புல்லோ, சங்குல் நறுக்கிய ஒவ்வொரு வேர்த்துண்டிலிருந்தும் புதிதாகத் தலைநீட்டியது. கத்தரி மட்டும் முழங்காலைத் தாண்டவில்லை. கண்பட்டுவிட்டதென்று ஒரு சட்டிக்குப் புள்ளி வைத்துக் கவிழ்த்தார். சட்டி நன்றாக இருந்தது.

மெர்டேக்காவுக்கு முந்தின நாள், ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலையில் அன்னதானப் பொறுப்பாளர் கணேசமூர்த்தி வாசலில் வந்து நின்றார். தோட்டத்தில் இருந்ததோ நான்கே காய். மருதமுத்துவுக்கு மானம் கப்பலேறப் போகிறதென்று வேர்த்துக் கொட்டியது. அப்போது அவர் எட்டியும் பார்க்காத குளியலறைக்குப் பின்னாலிருந்து பூங்காவனம் ஒரு கூடைக் காயோடு வந்தாள்.

“இன்னும் ரெண்டு கூடை இருக்குங்க. நீங்க கழிச்சுப் போட்ட நாத்துதான்.”

ஓடிப்போய்ப் பார்த்தார். செடிகள் இடுப்புயரம். மண்ணே தெரியாமல் காய்ந்த புல் மூடியிருந்தது. விலக்கினால் உள்ளே ஈரம், மண்புழு.

“இது என்னாடி குப்ப?”

“நீங்க வெட்டுன புல்லுதான். வேரோட நல்லா காயவெச்சு மூடுனேன். மண்ணு குளுந்து கெடக்கு, புல்லும் மொளைக்கல.”

“எங்கடி கத்துக்கிட்ட?”

“தோட்டத்துலதான். நீங்க அந்தப் பக்கம் திரும்புனதும், வெட்டுன புல்ல ரப்பர் கன்னுங்க அடியில மூடி, உங்க கண்ணுக்குத் தெரியாம மேல மண்ணத் தூவிருவோம். பதினஞ்சு பேருமேதான்.”

மருதமுத்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். அவர் பிரிவுக் கன்றுகள்தான் தோட்டத்திலேயே செழிப்பு என்று வெள்ளைக்காரத் துரை ஒருமுறை கைகுலுக்கியிருந்தார்.

வாசலில் கணேசமூர்த்தி கூடையைத் தூக்கிப் பார்த்து வாயைப் பிளந்தார். “அண்ணே, காயா இது! நீங்க வளத்ததா?”

பூங்காவனம் புருஷனைப் பார்த்தாள். மருதமுத்து அவளைக் கைகாட்டினார்.

“வளத்தது அவ. நான் கத்துனதோட சரி.”