சாக்சன் வீட்டு வாசலில் கழற்றிய சப்பாத்து

எங்கள் பூங்காவில் நடக்கும் அகழாய்வுக்கு அக்கம்பக்கத்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். லீவு போட்டுவிட்டு இன்று நானும் போனேன்.

பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். மண்ணில் தெரிந்த கறுப்பு வட்டங்களைக் காட்டி, "இவை தூண் நட்ட குழிகள். ஆயிரம் வருடத்துக்கும் முந்திய சாக்சன் வீடு, அந்தக் கால ஆங்கிலேயருடையது. இதுதான் வாசல்" என்றார்.

வாசல் என்றதும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போய்விட்டேன்.

"சப்பாத்தைப் போடுங்கள்! கால் வெட்டுப்பட்டால் நான்தான் பதில் சொல்லவேண்டும். இன்னொரு முறை கழற்றினால் வரவே வேண்டாம்."

சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் போக மனம் வராமல், பிறகு நாள் முழுக்க வெளியே நின்று மண் சலித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவருக்குச் சிரிப்பு. "கூரையுமில்லை, சுவருமில்லை. அதென்ன வீடு? இனிப் போகாதையும்."

"நாளைக்கும் போவன். அந்த வீட்டுக்குள்ளை இருந்துதான் கிண்டுவன்."

சப்பாத்தின் அடியை இவருடைய பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். செருப்போடு போய், அந்த வாசலில் வைத்துத்தான் அதைப் போடுவேன்.

நான் இன்டர்நெட்டை விட்டால்தான் போன் எடுக்கலாம் என்று இவர் காத்து நிற்கிறார், அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். கழுவின சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் போகலாம்தானே?

கூடாது என்பவர்கள் நாளை மாலைக்குப் பிறகு எழுதுங்கள்.