அணு இல்லாத டிபார்ட்மெண்ட்

“எரிக்கிறதைவிட அதிகமா எரிபொருள் வருமா? ஏம்மா, எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது?”

போன மாதம் கோவில்பட்டியில், என் அக்கா வீட்டு ஹாலில், பெண் பார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி இது. மாப்பிள்ளையின் அப்பா. ஊருக்கு வெளியே தீப்பெட்டி ஆலை வைத்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவள் என் அக்கா மகள் கார்த்திகா. கல்பாக்கத்தில் என்ஜினீயர். ஈனுலை என்கிறார்களே... தான் தின்பதைவிட அதிகமாக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை... அதில்தான் வேலை.

தாய்மாமன் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

தீப்பெட்டி அண்ணாச்சி நம்பாததுதான் எனக்கு ஆச்சரியம். போட்டதைவிட அதிகமாக வரும் என்று எவன் வந்து சொன்னாலும் நம்புகிற ஜனங்கள் அல்லவா நாம்? ஈமுக் கோழியை நம்பினோம். தேக்கு மரத்தை நம்பினோம். காந்தப் படுக்கையை நம்பியதோடு நிற்காமல் சொந்தக்காரர்கள் தலையிலும் கட்டினோம். இயற்பியல் என்றால் மட்டும் உஷாராகிவிடுகிறோம்!

கார்த்திகா பொறுமையாகவே சொன்னாள்.

“சும்மா வராது மாமா. நடுவுல எரிபொருள் இருக்கும். அதைச் சுத்தி இன்னொரு வகை யுரேனியத்தை அடுக்கியிருப்போம். அது லேசுல எரியாது. நடுவுலருந்து நியூட்ரான் பறந்து வந்து மோதும்லா... அப்போ அது புளூட்டோனியமா மாறிரும். அதைப் பிரிச்சு எடுத்தா அடுத்த எரிபொருள். எரிஞ்சு தீர்ந்ததைவிட இப்படிப் புதுசா உண்டானது கூட இருக்கும். அம்புட்டுதான்.”

“எம்புட்டு நாள்ல?”

“பல வருஷம் ஆகும் மாமா.”

வருஷக் கணக்கு என்றதும் அண்ணாச்சிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆர்வம் போய்விட்டது.

“தண்ணி ஊத்திக் குளிர வைப்பாகளோ?”

“உலைக்குள்ள தண்ணி கெடையாது. உருக்கின சோடியம்தான் ஓடும். அதுல தண்ணி பட்டா தீப்பிடிச்சிரும்.”

தண்ணீரே படாமல் ஒன்றைக் காப்பாற்றுவது எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கா சொல்லித் தரவேண்டும்? குழாயைப் பார்த்தால் போதாதா?

அடுத்து மாப்பிள்ளையின் அம்மா. “ஒளிவு மறைவு இல்லாமக் கேக்கேன். அந்தக் கதிர்வீச்சு உடம்புல ஒட்டிக்கிடுமோ? நாளைக்கு ஒரு புள்ளகுட்டின்னு...”

தீக்குச்சி மருந்தாகிற கந்தகத்துக்கும் குளோரேட்டுக்கும் நடுவே குடித்தனம் நடத்துகிறவர் கேட்கிறார்!

“நெஞ்சுல பேட்ஜ் மாட்டித்தான் அத்தை உள்ள போவோம். எவ்வளவு பட்டிருக்குன்னு அது சொல்லிரும். அளவைத் தாண்ட விடமாட்டாங்க.”

“அதுக்கில்ல... அணு இல்லாத டிபார்ட்மெண்ட்டுக்கு மாத்திக் கேட்டா தருவாகளா?”

“அணு இல்லாத இடம் இந்த வீட்டுலயே கெடையாது அத்தை. உங்க கையில இருக்க சேவுலயும் அணுதான்.”

அந்த அம்மா காரச்சேவைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

பிறகு நிபந்தனைகள் வந்தன. வேலையை விடக்கூடாது, அரசாங்கச் சம்பளம் அல்லவா? வாரக் கடைசியில் இங்கே வந்து ஆலைக் கணக்கைப் பார்க்க வேண்டும். சமையலுக்கு ஆள் வைக்கிற பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. பேரன் சீக்கிரம் வேண்டும். இத்தனையையும் தந்துவிட்டு எதுவுமே கேட்காத உலையை இன்னும் எந்த விஞ்ஞானியும் கட்டவில்லை.

மாப்பிள்ளை பிரபு அப்பாவோடு ஆலையைக் கவனிக்கிறான். கடைசிவரை வாயே திறக்கவில்லை.

மறுநாள் தரகர் வந்தார். அவர்களுக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று... பெண்ணுக்குக் கதிர்வீச்சு பாதிப்பு இல்லை என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏட்டி, வாங்கிக் குடுத்தா கொறஞ்சா போயிருவ? இதுக்கு முன்னால வந்தவுகளும் அணுன்னு சொல்லித்தான போனாக?”

கார்த்திகா என்னைப் பார்த்தாள். “நான் என்ன கறிக்கடை ஆடா மாமா, சீல் குத்திக் காட்டுறதுக்கு?”

நான் எழுத்தாளன் இல்லையா? அந்த உவமை நன்றாக இருக்கிறதே என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அவளே போனை எடுத்தாள். எங்கள் முன்னாலேயே பிரபுவை அழைத்தாள். “நான் டெஸ்ட் எடுத்துத் தாரேன். நீங்களும் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துத் தாங்க. சின்ன வயசுலருந்து மருந்துத் தூசிக்குள்ளதான இருக்கீங்க?”

மறுமுனையில் “சரி” என்று ஒரு சொல். போன் கட்டாகிவிட்டது.

“போச்சு” என்றாள் அக்கா.

அந்த வாரமே வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பிரபு. தனியாக வந்திருந்தான். கையில் எக்ஸ்ரே கவர்.

“எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு டாக்டர். நீங்க எடுக்க வேணாம்.”

“உங்க அம்மா கேப்பாங்களே?”

“சர்ட்டிபிகேட் கேட்டா எனக்குக் கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டேன்.” வீட்டில் அவன் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவையாம். “அப்புறம்... அன்னைக்கு அந்த உலையைப் பத்திச் சொன்னீங்கள்லா? எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. மறுபடி சொல்லுதீங்களா?”

கார்த்திகா சிரித்துவிட்டாள். கவரைத் திருப்பிப்போட்டு உலையை வரைய ஆரம்பித்தாள். அக்கா கொண்டுவந்த காபி ஆறி ஏடு கட்டும்வரை அவன் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

வருகிற தை மாதம் கல்யாணம். கார்த்திகாவும் நிபந்தனை போட்டாள். அவள் கல்பாக்கத்தில்தான் இருப்பாள். வாரக் கடைசியில் பஸ் ஏறுவது மாப்பிள்ளையின் பொறுப்பு. ஆலைக் கணக்கை அண்ணாச்சியே பார்த்துக்கொள்வார்.

முந்தாநாள் மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார்.

“அண்ணாச்சி, நீங்கதான் பத்திரிகையில எழுதுதீங்களே... அந்த மாதிரி உலை ஒண்ணு நம்ம பக்கம் போடச் சொல்லி எழுதினா என்ன? எட்டயபுரம் ரோட்டுல கரிசக்காடு சும்மாத்தான கெடக்கு. பையன் வாராவாரம் அம்புட்டுத் தூரம் அலைய வேண்டாம்லா!”

“பயமா இல்லையாம்மா?”

“என்ன பயம்? உள்ள இருக்கது நம்ம மருமகள்லா!”

எழுதிவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்யவும்.