தலையாட்டியவனுக்கு மார்க் இல்லை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் வரிசையில், வள்ளியம்மாவைப் போன்ற சந்தேகப் பிராணி வேறு யாரும் கிடையாது. மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்ப்பாள். விற்கிறவன் சிரித்துவிட்டால் இன்னொரு தடவையும் பார்ப்பாள். கட்டின புருஷன் அய்யாவு காய்ச்சல் என்றால்கூட நெற்றியைத் தொட்ட பிறகுதான் நம்புவாள். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் அவள் சந்தேகப்பட்டதெல்லாம் பலித்தது. அதுதான் கொடுமை.

1943இல் ரயில்வேயில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, ஜப்பானிய மொழிப் பரீட்சை வைத்தார்கள். அதிக மார்க் வாங்குகிறவனுக்கு வேலை, கூடவே ஒரு மூட்டை அரிசி. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு நொந்து கிடந்த நேரம். அய்யாவுவும் வள்ளியம்மாவின் தம்பி பக்கிரிசாமியும் விழுந்து விழுந்து படித்தார்கள்.

வள்ளியம்மாவுக்கு மட்டும் உறுத்தியது.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுதாக்கும்! போன தடவ மொத மார்க் வாங்கின கார்த்திகேசு எங்க? சயாமுக்குப் போனவரு உசுரோட இருக்காரா, இல்லையா?"

"அங்க ஆபீஸ் வேலை," என்றான் அய்யாவு.

"காட்டுல என்னய்யா ஆபீஸ்? தண்டவாளம் போட எஸ்டேட் ஆளுங்கள லோரியில அள்ளிட்டுப் போறான், போனவன் ஒருத்தனும் திரும்பல. அவங்கள மேய்க்க பாஷை தெரிஞ்சவன் வேணும். அதுக்குத்தான் மார்க் போட்டு ஆள் பொறுக்குறான்."

அவள் சொன்னது அய்யாவுவுக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது; போகாவிட்டால் உதை. வேண்டுமென்றே தப்பாக எழுதினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வழியை வள்ளியம்மாதான் சொன்னாள். ஆமாம் என்பதற்கு நம்மவர்கள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவோம். ஜப்பான்காரனுக்கு அது இல்லை என்று படும். "தலையை ஆட்டாதே, ஆமாம் என்றால் ஹாய் என்று சொல்" என்று வகுப்பில் வாத்தியார் அறைந்து அறைந்து பழக்கியிருந்தார்.

"புரியுதான்னு கேட்டா வாயத் தொறக்காதீங்க. நம்ம பழக்கத்துக்குத் தலைய ஆட்டிட்டு நில்லுங்க," என்றாள்.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. அவன் ஓட்டைவாய். எங்காவது உளறினால் புருஷன் தலை போய்விடுமே என்று கூடப்பிறந்தவன் மேலும் சந்தேகப்பட்டாள்.

அய்யாவு தலையை ஆட்டினான். அதிகாரியிடம் அறை வாங்கி, பெயிலாகி, வீங்கிய கன்னத்தோடு வீடு வந்தான். பக்கிரிசாமி விறைத்து நின்று ஹாய் ஹாய் என்று சொல்லி முதல் மார்க் வாங்கினான். வந்த அரிசியில் பாதியை அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் பொங்கினாள், ஆனால் ஒரு பிடிகூடத் தின்னவில்லை. இதையெல்லாம் அய்யாவு பிறகு என்னிடம் சொல்லி அழுதான்.

அடுத்த வாரமே பக்கிரிசாமிக்குச் சயாம் உத்தரவு வந்தது. ஸ்டேஷனுக்கு வள்ளியம்மாவோடு நானும் ஓடினேன். அவன் ரயில் ஜன்னலில் இருந்து அவளையே பார்த்தான்.

"மச்சான் என்னைய விட நல்லா பேசுவாரு. எப்படிக்கா பெயிலானாரு? இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் தலை தானாக இப்படியும் அப்படியும் ஆடியது.

பக்கத்தில் காவல் நின்ற ஜப்பான்காரன் அதை இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பான். பக்கிரிசாமி தமிழன். ஜன்னலை இறக்கி மூடிக்கொண்டான்.