தட்டை வீசாத வில்லன்

ஓசூரில் சுவிட்ச் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எட்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். வருகிற பாகங்களைப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிப்பது என் வேலை. வீட்டில் சீரியல் பார்க்கும்போதும் அந்தப் புத்தி போகாது. முந்தின நாள் யார் எப்படி நடித்தார்கள் என்று கேன்டீனில் நான் சொல்வதைக் கேட்கவே எங்கள் லைன் பெண்கள் என் மேசையில் இடம் பிடிப்பார்கள்.

போன வருடம் ஒரு தொடரில் புதிதாக ஒரு வில்லன் வந்தார். கதாநாயகியின் அக்கா கணவர் வேடம். ஒரு காட்சியில் மனைவி பரிமாறிய தட்டைச் சுவரில் வீசினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் சோற்றைப் பொறுக்குவதைக் கண்களை உருட்டிப் பார்த்தார். எனக்கு முதுகு சில்லிட்டது.

"பார்வையிலயே கொன்னுட்டான்" என்று மறுநாள் சொன்னேன். எல்லாரும் ஆமோதித்தார்கள், ஒருத்தியைத் தவிர. பாகலூரிலிருந்து வருபவள். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். லைனில் என் எதிரே நிற்பாள், அதிகம் பேசமாட்டாள்.

"அவனுக்கு நடிக்கத் தெரியலக்கா" என்றாள்.

"ஏன்டி அப்படிச் சொல்லிட்ட?"

"தட்ட எதுக்கு வீசணும்? முழுசாச் சாப்புடுவான்க்கா. நல்லாருக்குன்னு கூடச் சொல்லுவான். கையக் கழுவித் தொடச்சிட்டு, கதவு சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வருவான். சத்தமே இருக்காது."

மேசையே சிரித்தது. "அப்ப நீயே டைரக்ட் பண்ணு" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். வில்லன் என்றால் பார்ப்பவர்களுக்குப் பயம் வரவேண்டும், இப்படி அமைதியாக நடித்தால் யாருக்குப் புரியும் என்று வாதாடவும் செய்தேன். "சரிக்கா" என்று டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

அடுத்த வாரம் மூன்று நாட்கள் அவள் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கூட்டியில் பாகலூர் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் கணவர் கதவைத் திறந்தார். யாரென்று சொன்னேன்.

"வாங்கக்கா. உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்கா" என்றவர், தானே டீ போட்டுக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கன்னடத்தில் சிரித்துப் பேசி அனுப்பினார். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இடது கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாக்கா. பாத்து நடன்னா கேக்கவே மாட்டா."

குரலில் அவ்வளவு கவலை. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் ஒருமுறை திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் நான் செய்தது என்ன? டீயைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தாள். உடை மாற்றும் அறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னிக்குச் சொன்னன்க்கா. எல்லாரும் சிரிச்சீங்க."

என் போனை அவளிடம் கொடுத்து, ஊரிலிருக்கும் அக்காவைக் கூப்பிடச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, அவள் கணவர் காலை ஷிஃப்டுக்குப் போனதும், அவளையும் நான்கு வயது மகளையும் என் வண்டியில் ஏற்றி ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். சிங்காரப்பேட்டையில் அவளுடைய அக்கா இருந்தாள். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் கிளம்பும்வரை மகளின் தலையைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தாள்.

மூன்றாம் நாள் கம்பெனி வாசலில் அவர் நின்றிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.

"அக்கா, பாப்பா இல்லாம வீடே ஒரு மாதிரி இருக்கு. எங்க போறேன்னு எதாச்சும் சொன்னாளாக்கா?"

கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பா, நிஜமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

"தெரியாதுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரிக்கா, பத்திரமாப் போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவள் இப்போது அக்கா வீட்டருகே ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். எப்போதாவது அக்காவின் போனிலிருந்து கூப்பிடுவாள். பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுகிறேன்.