விரத வீட்டுக்குப் போன கேக்

2024 நவம்பர் ஆறாம் திகதி, புதன்கிழமை. உரும்பிராயில் எங்கள் வீட்டில் அன்றும் வழக்கமான காலைதான். முற்றம் கூட்டி, கிணற்றடியில் முழுகி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, தேநீர் குடித்தேன். கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். நான் கடைசி நாளான சூரன் போர் அன்று மட்டும்தான் விரதம் பிடிப்பேன். ஆனாலும் அந்த ஆறு நாளும் எங்கள் குசினிக்குள் மீன், முட்டை எதுவும் வராது.

அன்று முட்டை வந்தது, ஆனால் குசினிக்குள் இல்லை. வீட்டின் பின்பக்கம், முன்பு விறகு அடுக்கிய சின்ன அறையில்தான் கேக் போடும் ஓவன் இருந்தது. முட்டையை அங்கேயே உடைத்து, அங்கேயே அடித்து, கேக் வெந்த பிறகு மறுபடி முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைத்தேன். இவ்வளவு கவனமாக இருந்த எனக்கு, அந்தக் கேக் போகும் வீட்டிலும் அதே சஷ்டிதான் என்பது மட்டும் ஏன் தோன்றவில்லை என்று இன்றும் யோசிப்பதுண்டு.

காரணம் சந்தோஷம்தான். அது என் முகநூல் பக்கத்துக்கு வந்த முதல் கேக் ஓடர். சித்திரையில் பக்கத்தைத் தொடங்கி, ஒவ்வொரு கேக்கையும் யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். விருப்பக்குறி போட்டவர்கள் எல்லாம் மச்சாள்மாரும் சித்திமாரும்தான். "உம்மடை பேஸ்புக்கிலை ஆக்கள் கூடிப் போச்சு. ஒரு கலியாணவீடே வைக்கலாம். கேக் வாங்கத்தான் ஆளில்லை" என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். வருட முடிவுக்குள் ஒன்றும் சரிவராவிட்டால் ஓவனை என் அண்ணையின் பேக்கரிக்குக் கொடுத்துவிடுவது என்று நாங்கள் இருவரும் பேசி முடித்திருந்தோம். நவம்பர் பிறந்துவிட்டது.

அப்போதுதான் கனடாவில் இருந்து ஒரு தம்பி எழுதினார். மயிலிட்டியில் தனியாக இருக்கும் தாயாருக்குப் பிறந்தநாள். கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் வெட்டிச் சாப்பிடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் அதைத் தங்கள் ஊர்க்காரரின் முகநூல் குழுவில் போடுவதாகவும் சொன்னார். ஊரைவிட்டுப் போன அத்தனை பேரும் இருக்கும் குழு அது. என் கேக் வியாபாரம் முழுவதும் அந்த ஒரு வீடியோவில் தொங்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

மத்தியானம் வீட்டுக்காரரின் ஓட்டோவில் புறப்பட்டோம். கேக் பெட்டி என் மடியில் இருந்தது. மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத தூறல். புன்னாலைக்கட்டுவன் தாண்டியதும் செம்மண் தோட்டங்கள் புகைபோல மங்கிக் கிடந்தன. பெட்டிக்குள்ளிருந்து வனிலா வாசனை மெல்ல ஏறி வந்தது. அரைத்தூக்கத்தில் எங்கோ மிதந்து போவதுபோல இருந்தது. கடல் வந்ததும்தான் விழித்தேன். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். கரையில் இழுத்து வைத்திருந்த படகுகள் வானத்தில் நிற்பதுபோலத் தெரிந்தன.

கதவைத் திறந்த அம்மா தலை முழுகி, ஈரக் கூந்தலை முடியாமல் விட்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. ஐந்து நாள் பாலும் பழமும் மட்டும் உட்கொண்ட முகம். மெலிந்து, ஆனால் உள்ளே யாரோ விளக்கு ஏற்றி வைத்ததுபோல ஒரு தெளிவு.

"அம்மா, உங்கடை மகன் கனடாவிலை இருந்து அனுப்பினவர். இண்டைக்கு உங்கடை பிறந்தநாளாம்" என்று பெட்டியைத் திறந்தேன்.

அவர் கேக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கை முட்டை போட்டதோ பிள்ளை?"

"ஓம் அம்மா" என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"ஏன் பிள்ளை, உங்கடை ஊருக்குக் கந்தசஷ்டி வாறேல்லையோ?"

ஓட்டோவுக்குள் இருந்து வீட்டுக்காரர் சிரித்த சத்தம் கேட்டது. திரும்பக் கொண்டுபோகிறேன் என்று பெட்டியை மூடப் போனேன். அம்மா என் கையைத் தடுத்தார்.

"பொறுங்கோ. உவன் பாவம். அங்கை குளிருக்கை வேலைக்கு ஓடுறவனுக்கு நாள் கோள் எங்கை தெரியும்? இதைச் சொன்னால் நாள் முழுக்கக் கவலைப்படுவான். நான் வெட்டுறன், நீங்கள் எடுங்கோ. சாப்பிடுற மாதிரி வாய்க்குக் கிட்டக் கொண்டு போறன். உடனை நிப்பாட்டிப்போட வேணும். என்ன?"

"விரதத்தோடை முட்டைக் கேக்கைத் தொடுவியளோ அம்மா?"

"பின்னேரம் கோயிலுக்குப் போக முந்தி எப்பிடியும் முழுகுவன் தானே. அவனுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிப்போடாதையுங்கோ."

விறாந்தையில் கடலைப் பார்த்தபடி கேக்கை வைத்தோம். அம்மா கத்தியை எடுத்து மெதுவாக வெட்டினார். ஒரு துண்டைத் தூக்கி வாயருகே கொண்டுபோனார். நான் நிறுத்த வேண்டிய இடம் அதுதான். ஆனால் அவர் அந்த இடத்தில் கண்ணை மூடி, அந்த வாசனையை ஆழமாக உள்ளே இழுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. பின்னால் கடல் அசையாமல் கிடந்தது. நிறுத்த மனம் வராமல் சிறிது நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேக் பக்கத்தில் இருந்த, வாசலில் சிலுவை வைத்த வேதக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. நாங்கள் ஓட்டோவில் ஏறும்போதே பாதி முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து வீடியோவை அனுப்பினேன். கனடாவில் விடிந்ததும் அந்தத் தம்பி அதைக் குழுவில் போட்டுவிட்டார். விளக்கு வைக்கும் நேரம் அந்தக் குழுவைத் திறந்தால் கருத்துகள் வந்துகொண்டிருந்தன. 'மாமி நல்லா இருக்கிறா', 'எங்கடை கடல்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு பெண் எழுதியிருந்தார்: 'தலை முழுகி, திருநீறு பூசியிருக்கிறா. இண்டைக்குச் சஷ்டி எல்லோ? மாமி கேக் சாப்பிடுறாவோ?'

அதன் பிறகு வேறு பேச்சே இல்லை. இன்றைக்கா சஷ்டி என்று ஒருவர் கேட்டிருந்தார். 'ஐயோ, நான் மறந்தே போனன்' என்று லண்டனில் இருந்து ஒருவர். தன் அம்மாவும் விரதமாக இருப்பார் என்று நோர்வேயில் இருந்து இன்னொருவர்.

சற்று நேரத்தில் அந்தத் தம்பியே அழைப்பெடுத்தார். "அக்கா, ஒண்டு கேப்பன், உண்மையைச் சொல்லுங்கோ. அம்மா சாப்பிட்டவவோ?"

ஆம் என்றால் அம்மாவின் ஆசை நிறைவேறும். ஆனால் இல்லாத ஒன்றைக் காட்டி வியாபாரம் செய்தவள் ஆவேன். இல்லை என்றால் அந்தக் குழுவில் இருந்து இனி ஒருவரும் என்னிடம் வரமாட்டார்கள்.

"இல்லைத் தம்பி. மணந்து மட்டும் பாத்தவ. நான்தான் உங்களிட்டை விரதமோ எண்டு கேட்டிருக்க வேணும்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று சரியாகத் தெரியவில்லை. "சின்ன வயசிலை சஷ்டிக்கு அம்மா எங்களுக்குச் சமைச்சுப் போட்டிட்டு, சட்டிக்கு மேலை குனிஞ்சு இப்பிடித்தான் மணந்து பாப்பா. அந்த முகம் எனக்கு மறந்து போச்சு அக்கா" என்றார். விரதம் முடிந்த பிறகு முட்டை போடாத கேக் ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

கொண்டுபோனபோது அம்மா, "உங்கடை வாயிலை ஒண்டும் நிக்காதோ?" என்று என்னை ஏசிக்கொண்டே பெரிய துண்டாக வெட்டிச் சாப்பிட்டார். மகன் என்னோடு கதைத்த அன்றே அவரைக் கூப்பிட்டு வெகுநேரம் கதைத்தாராம்.

ஓவன் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சிறு தொழிலுக்கு முகநூல் உதவுமா என்று கேட்பவர்களுக்கு, உதவும் என்றுதான் சொல்வேன். ஆனால் என் பக்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்தவை நான் யன்னலோரம் வைத்து எடுத்த கேக் படங்கள் அல்ல. ஆடிச் செவ்வாய், கேதாரகௌரி, திருவெம்பாவை என்று நாள் பார்த்து நான் போடும் சின்ன அறிவித்தல்களுக்குத்தான் வருகிறார்கள். "அக்கா, அண்டைக்கு அம்மா விரதமோ?" என்று முகம் தெரியாத பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். அம்மாவிடமே கேளுங்கள் என்றுதான் பதில் எழுதுவேன். கேட்டுவிட்டு வந்து ஓடர் தருகிறார்கள்.

அந்த அறிவித்தல்களில் முதலாவது, அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த நாள் போட்டது. விடிய எழுந்து முழுகி, விரதத்துக்கு நெற்றியில் திருநீறு பூசியதும் முற்றம்கூடக் கூட்டாமல் முதல் வேலையாகப் பக்கத்தைத் திறந்து எழுதினேன்: 'இன்று சூரன் போர். ஊரில் அம்மாமார் விரதம். இன்றைக்குக் கேக் வேண்டாம், அவர்களைக் கூப்பிட்டுக் கதையுங்கள்.'